மூன்று கமராவும் ஒரு முந்தானையும்

அத்தியாயம் 4

"இந்த மூண்டுலயும் பொய் சொல்லாத கமரா எது தம்பி?"

ஸுஹைறா இப்படிக் கேட்டதும் கடைக்கார ஷிப்லி சிரித்துவிட்டான். கல்முனைக் கடைத்தெருவில் எத்தனையோ வருடமாகக் கமரா விற்று, படமும் பிரின்ட் அடித்துக் கொடுக்கிறவன் அவன். எத்தனை மெகாபிக்சல், தண்ணீரில் விழுந்தால் தாங்குமா, தவணைக்குக் கிடைக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. கமராவுக்கு நன்னடத்தைப் பத்திரம் கேட்ட ஆளை இன்றுதான் பார்க்கிறான்.

கண்ணாடி மேசையின் மேல் மூன்றும் இருந்தன. நீண்ட மூக்கோடு ஒரு டீ.எஸ்.எல்.ஆர். சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கொம்பெக்ட். முதுகில் மூன்று கண் வைத்த ஒரு ஸ்மார்ட் போன். செலீனாவின் பார்வை முதலாவதை விட்டு அசையவே இல்லை. கிழக்குக்கரைத் துப்பறியும் நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்த நாள் முதல் அவளுக்கு ஒரே ஆசைதான். அந்தப் பெரிய கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கள்ளனையாவது பின்தொடர வேண்டும்.

நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. அதன் பெயர்ப்பலகை அறையைவிட நீளம். உள்ளே ஒரு மேசை, சத்தம் மட்டும் போடும் ஒரு மின்விசிறி, அப்புறம் இந்த இரண்டு பேர். ஸுஹைறா முன்பு காப்புறுதிக் கொம்பனியில் விபத்துகளை விசாரித்தவர். மோதாத லொறிக்கு நட்டஈடு கேட்டவர்களை ஒரு கேள்வியில் அழவைத்தவர் என்று பெயர். செலீனா தட்டச்சு வேலை என்று நினைத்து வந்து அகப்பட்டுக்கொண்டவள். வந்த பிறகு போக மனம் வரவில்லை.

"பெரிசையே எடுப்பம் ராத்தா," என்றாள் செலீனா. "பாத்தாலே ஒரு மரியாதை வரும்."

"வரும், வரும். இதக் கழுத்துல கொளுவிக்கிட்டு ஒருத்தனுக்குப் பின்னால போனா, அவன் நிண்டு தலையச் சீவிட்டுப் போஸ் குடுப்பான்."

"அப்ப போன்?"

"அது ஆளுக்கு மினுக்குப் பூசும். கள்ளன எடுத்தாலும் மாப்பிள்ள மாதிரித்தான் வருவான். பொலிஸுல கொண்டு போய்க் காட்டினா, பொண்ணு ஆரு எண்டு கேப்பாங்க."

செலீனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் பெரிய கமரா கைவிட்டுப் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஸுஹைறா ஷிப்லியின் பக்கம் திரும்பினார். "சரி தம்பி, ஒண்டு கேக்கன். ஒரு சாரியப் படம் புடிச்சி, அந்தப் படத்த வெச்சே அதே மாதிரி இன்னொண்டு நெய்யோணும் எண்டா, எந்தக் கமரா வேணும்?"

ஷிப்லி யோசிக்கவே இல்லை. "டீ.எஸ்.எல்.ஆர்தான் ராத்தா. வேற பேச்சே இல்ல. நூல் நூலாத் தெரியும்."

"இந்தச் சின்னதால ஏலாதா?"

"அத உடுங்க ராத்தா. அதுல எடுத்தா மூலையில திகதி விழும், அதுவும் பிழையான வருசம். இப்ப ஆரு அதெல்லாம் பாவிக்கிற? ரெண்டு வருசமா ஒரு கொம்பெக்ட் மெமரிக் காட்டும் என்ட கடைப்படி ஏறல்ல."

"அப்ப ஏன் தம்பி இத வாங்கி வெச்சிரிக்காய்?"

"உங்களப் போல ஆள் வந்தாக் காட்டத்தான்," என்றான் ஷிப்லி, பல் தெரிய.

ஸுஹைறா சிரித்தபடி கைப்பையை எடுத்துக்கொண்டார். மூன்று கிழமையாக இந்தக் கடைக்கு வந்து, மூன்றையும் தடவிப் பார்த்து, ஒன்றும் வாங்காமல் போவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இன்று கமரா பார்க்க மட்டும் வரவில்லை என்பது செலீனாவுக்குத் தெரியும். காலையில் நிலையத்தில் ஒரு பெண் பிள்ளை அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

அவள் பெயர் றிஸ்லா. மருதமுனையில் தறி வைத்து நடத்தும் கைருன்னிஸாவின் ஒரே மகள். கைருன்னிஸா ஹஜ்ஜுப் பெருநாளுக்கென்று இரகசியமாக ஒரு சாரி நெய்தார். கடும் நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். முந்தானையை நெருங்க நெருங்கக் கோடுகள் கூடி, கரைக்கு வந்த நுரை போலாகும். சாரி வெளியே வர ஒரு கிழமை இருக்கும்போதே, அதே நுரை கல்முனைப் புடவைக் கடை ஒன்றில் தொங்கியது. வேறு யாரோ நெய்தது.

வெளியே வருமுன் அந்தச் சாரியை முறையாகப் படம் பிடித்தது ஒரே ஒரு ஆள். சாய்ந்தமருது ஹாதிக், கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளன். விளம்பரப் பலகைக்காகத் தன் பெரிய கமராவில் எடுத்தான். அவன்தான் றிஸ்லாவுக்குப் பேசிய மாப்பிள்ளை. பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை நிக்காஹ்வுக்குக் காவின் எழுத நாள் குறித்தாயிற்று. இப்போது கைருன்னிஸா, இன்று அந்தித் தொழுகை மஃரிபுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பி, சம்பந்தம் வேண்டாமென்று சொல்லப்போகிறார். றிஸ்லாவுக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான். அதை அவள் ஸுஹைறாவின் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"கடைக்காரனே டீ.எஸ்.எல்.ஆர் எண்டு சொல்லிட்டான்," என்றாள் செலீனா, வீதியில் இறங்கியதும். "பாவம் ராத்தா அந்தப் பிள்ளை."

"ஆர் பாவம் எண்டு சாரியக் கேப்பம், வா."

புடவைக் கடையில் அந்தச் சாரி வாசலிலேயே ஒரு பொம்மையின் மேல் சுற்றப்பட்டு, பெருநாள் கூட்டத்தை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. விற்பனையாளருக்கு நாக்கு நன்றாக ஓடியது.

"புது டிசைன் ராத்தா. பாருங்க, முந்தானைக்கு நடுவுல நிலா வெளிச்சம் விழுந்தாப் போல ஒரு வெள்ளை. இத வேற எந்தச் சாரியிலயும் காண ஏலா."

உண்மைதான். நீலமும் கோடும் ஒழுங்காக வந்து, முந்தானையின் நடுவில் மட்டும் ஊடை நூல் திடீரென்று வெளிறி, பிறகு மறுபடி நீலமாகியிருந்தது.

"இது என்ன, மூலையில?" ஸுஹைறா குனிந்தார். முந்தானையின் கீழ் மூலையில் செம்மஞ்சளில் சின்னச் சின்ன மணிகள் ஒரே வரிசையில் நெய்யப்பட்டிருந்தன.

"அது மாதுளம் விதை ராத்தா. பரக்கத்துக்கு, ஊடு நிறையும்."

"எனக்கு மைசூர்ப் பருப்புச் சிந்தினாப் போல கிடக்கு," என்றாள் செலீனா.

விற்பனையாளரின் முகம் சுருங்கியது. ஸுஹைறா அவரைச் சமாதானப்படுத்த அந்தச் சாரியையே வாங்கினார். ஸ்கூட்டியில் ஏறும்போது பொதியைச் செலீனாவின் மடியில் வைத்து, "பருப்பச் சிந்திப் போடாத," என்றார்.

பாண்டிருப்பைத் தாண்டி மருதமுனைக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம் கேட்டது. கைருன்னிஸா தறிக்கூட வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார். ஸுஹைறாவோடு ஒன்றாகப் படித்தவர். பள்ளிக்கூடத்தில் எந்த ஓட்டப் போட்டியிலும் இரண்டாவதாக வந்ததை ஒப்புக்கொள்ளாத ஆள்.

"வா ஸுஹைறா. கள்ளனக் கண்டுபுடிக்க வந்தயா, கள்ளனுக்கு வக்காலத்துப் பேச வந்தயா?"

"பிளேன்டீ குடிக்க வந்த. மறுகா மத்ததுகளப் பாப்பம்."

"அவன்தான்கா! நூல எண்ணுற அளவுக்குப் படம் எடுக்க அவன்ட கமராவால மட்டும்தான் ஏலும். மகளுக்கெண்டு பாத்துப் பாத்துக் கட்டின ஊடு. அதுக்குள்ள என்ட டிசைனத் திருடி வித்தவனக் கொணந்து குந்த வைக்கச் சொல்றயா?"

கதவின் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. றிஸ்லாதான். துப்பறிகிற வேலையில் கள்ளனைத் தேடுவதைவிட, தேடும் வரைக்கும் அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் செலீனாவுக்குக் கஷ்டம்.

ஸுஹைறா இரண்டு சாரிகளையும் பாயில் அருகருகே விரித்தார். அசலில் நுரை ஒரே சீராக ஓடியது. நடுவில் நிலா வெளிச்சமும் இல்லை, மூலையில் மாதுளம் விதையும் இல்லை.

"கள்ளன் கூடுதலா நெய்திரிக்கான்," என்றாள் செலீனா. "களவெடுத்த வீட்டுக்கு வெள்ளையும் அடிச்சிட்டுப் போன மாதிரி."

"அது என்ன மூலையில, கொச்சிக்கா விதையா?" மிளகாய் கடித்தவர்போல் கைருன்னிஸா முகத்தைச் சுளித்தார். "என்ட சாரியில ஏன்கா நான் கொச்சிக்கா காயப் போடுற?"

"அதத்தான் நானும் யோசிக்கன். றிஸ்லா, வா மகள். ஹாதிக் எடுத்த படம் உன்னட்ட இரிக்கா?"

றிஸ்லா கண்ணைத் துடைத்தபடி போனை நீட்டினாள். ஹாதிக் சாரியை அழகாக மடித்து, ஒரு மரக்கதிரையில் போட்டு எடுத்திருந்தான். நூல் நூலாகத் தெரிந்தது. பின்னால் இருந்த சுவர் கலங்கி, சாரி மட்டும் எழுந்து நின்றது. கைருன்னிஸா, பார்த்தாயா என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"சோக்கான படம்," என்றார் ஸுஹைறா. "ஆனா முந்தானை மடிச்சிக் கிடக்கு. பாதி மடிப்புக்குள்ள. இதப் பாத்து நெய்தவனுக்கு மத்தப் பாதி எப்படித் தெரிஞ்ச? கனவுல வந்ததா?"

கைருன்னிஸாவின் தலை ஆடுவது நின்றது.

"வேற ஆர் எடுத்த?"

றிஸ்லா தயங்கினாள். "நானும் ஒண்டு எடுத்த. சாரியப் போத்திக்கிட்டு. அவருக்கு மட்டும் காட்ட."

கைருன்னிஸா மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் தறியே நின்றிருக்கும். ஸுஹைறா அவசரமாகப் படத்தை வாங்கிப் பார்த்தார். போன் தன் வேலையைச் செவ்வனே செய்திருந்தது. றிஸ்லாவின் முகத்தில் ஒரு பருவும் இல்லை. கன்னத்தைத் தேய்த்த வேகத்தில் தோளில் கிடந்த சாரியையும் தேய்த்து, கோடு என்று ஒன்றே இல்லாமல் பளபளவென்று ஒரே நீலமாக்கியிருந்தது.

"பொலிஸுல காட்டினா மாப்பிள்ள ஆரு எண்டு கேப்பாங்க," என்று முணுமுணுத்தாள் செலீனா.

"இதப் பாத்து நெய்தா வெறும் நீலச் சீலைதான் வரும். பயப்படாத மகள், நீயும் இல்ல." ஸுஹைறா நிமிர்ந்தார். "அப்ப பெரிசும் இல்ல, போனும் இல்ல. கைருன்னிஸா, இந்த ஊட்டுல மூண்டாவது ஒரு கமரா இரிக்கோணும்."

"மூண்டாவது எங்ககா இரிக்கி?" என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, வாசலில் பளிச்சென்று ஒரு மின்னல் வெட்டியது.

செலீனா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். படியில் ஒரு வெள்ளைத் தொப்பி, அதன் கீழே ஒரு பெரிய சிரிப்பு, அதற்கு முன்னால் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பழைய கமரா.

"அஸ்ஸலாமு அலைக்கும்! எல்லாரும் ஒண்டா நிண்டீங்க, அதுதான் ஒரு படம்."

அவர் சீனிமுகம்மது, கைருன்னிஸாவின் அண்ணன், எல்லோருக்கும் காக்கா. கட்டாரில் வேலை செய்த காலத்தில் வாங்கிய கமராவை இன்றுவரை மார்பில் தொங்கவிட்டிருக்கிறார். குடும்பத்தில் குழந்தை பிறந்தாலும், மாடு கன்று போட்டாலும், மதில் விழுந்தாலும் அவரின் பிளாஷ் மின்னும். பகல் வெயிலிலும் மின்னும். வீட்டில் யாரும் அதைக் கமராவென்று எண்ணுவதே இல்லை. தறிக்குப் பக்கத்தில் பூனை படுத்திருப்பதுபோல அதுவும் ஒன்று.

ஸுஹைறாவின் குரல் குழைந்தது. "காக்கா, இந்தச் சாரிய நீங்களும் எடுத்தயளா?"

"பின்ன? தறியிலயிரிந்து இறக்கின அண்டே எடுத்த. முந்தானைய விரிச்சிப் போட்டு! அல்பம் கொண்டாரன், நில்லுங்க."

அல்பம் வந்தது. குழந்தைகள், மாடு, மதில். எல்லோருக்கும் சிவப்புக் கண். எல்லாப் படத்தின் கீழ் மூலையிலும் செம்மஞ்சளில் திகதி. கடைசிப் பக்கத்தில் சாரி. முந்தானை பாய் முழுக்க விரிந்திருந்தது. நடுவில் பிளாஷ் விழுந்து துணி வெளுத்து, ஒரு வெள்ளைப் பட்டை. மூலையில், சரியாக முந்தானையின் மேலேயே, செம்மஞ்சள் இலக்கங்கள்.

செலீனாவின் கையிலிருந்த பிஸ்கட் பிளேன்டீக்குள் விழுந்தது. "ராத்தா! மாதுளம் விதை!"

"ஓம். நிலா வெளிச்சமும் இதுதான்." ஸுஹைறா படத்தை உருவிக் களவுச் சாரியின் பக்கத்தில் வைத்தார். "படம் போனுக்குப் போன் போகையில சுருங்கிக் கலங்கிப் போயிரிக்கும். நெய்தவனுக்கு இலக்கம் வாசிக்க ஏலா. செம்மஞ்சளா என்னவோ கிடக்கு, அதயும் போடுவம் எண்டு நேர்மையா நெய்திரிக்கான். எண்ணிப் பாருங்க. எத்தின இலக்கமோ அத்தின மணி. நடுவுல இடைவெளியும் அப்படியே இரிக்கி."

கைருன்னிஸா மெல்லத் தன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது. "காக்கா... நீங்களா?"

"ஓம், நான்தான் எடுத்த! சோக்கா இரிக்கில்ல?" என்றார் சீனிமுகம்மது பெருமையோடு. பிறகுதான் எல்லோரின் முகத்தையும் பார்த்தார். சிரிப்பு ஒவ்வொரு பல்லாக மறைந்தது. "என்ன? ஏன் எல்லாரும் என்னப் பாக்கிற?"

"ஆருக்கு அனுப்பின காக்கா?" என்று கேட்டார் கைருன்னிஸா.

"அனுப்புறதா? எதால அனுப்புற?" அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். பொத்தான் வைத்த போன். அதில் டோர்ச் வெளிச்சம் மட்டும் நன்றாக எரியும் என்று செலீனாவுக்குப் பார்த்ததும் தெரிந்தது. கணினி என்றால் அவருக்கு வங்கியில் பெண் பிள்ளை பார்க்கிற பெட்டி. இந்த மனிதரால் ஒரு படத்தை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதென்றால் கையில் எடுத்துக்கொண்டு நடந்துதான் போக வேண்டும்.

றிஸ்லா மறுபடி அழத் தொடங்கினாள். கமரா அகப்பட்டும் கள்ளன் அகப்படவில்லை. வெளியே பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது.

ஸுஹைறா மட்டும் பதறாமல் அல்பத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "காக்கா, நல்ல பிரின்ட். எங்க அடிக்கிற?"

"வேறெங்க, கல்முனையில நம்மட ஷிப்லிட கடையிலதான். மாசா மாசம் மெமரிக் காட்டோட குடுத்துட்டு வருவன். நல்ல பொடியன். அவசரப்படுத்த மாட்டான், ஆறுதலா அடுத்த நாள்தான் தருவான்."

செலீனா கோப்பையைக் கீழே வைத்தாள். ரெண்டு வருசமா ஒரு கொம்பெக்ட் மெமரிக் காட்டும் என்ட கடைப்படி ஏறல்ல. காலையில் கேட்ட குரல் அப்படியே காதில் ஒலித்தது.

"ராத்தா, அவன்..."

"தெரியும்." ஸுஹைறா செலீனாவின் காதோடு குனிந்தார். "காலையில அவன் சொல்லக்குள்ளயே ஒண்டு குத்திச்சி. ஒரு படமும் எடுக்காத புதுக் கமராவுல வருசம் பிழைக்கும் எண்டு அவனுக்கு ஆர் சொன்ன? பிழையான வருசத்த மாசா மாசம் பாக்கிறவன்ட வாயிலதான் அப்படி வரும்." ஸுஹைறா எழுந்து அபாயாவை உதறிக்கொண்டார். "காக்கா, தொழுதுட்டு வாங்க. இப்ப எடுத்த படத்தயும் அடிச்சிட்டு வருவம். ஸ்கூட்டிக்குப் பின்னால ஒரு ஓட்டோ புடிங்க."

"அவருக்கு விசயத்தச் சொல்லேல்லையா ராத்தா?" என்று கேட்டாள் செலீனா, வழியில்.

"சொன்னா நடிப்பாரு. அவரு நடிச்சா ஊருக்கே விளங்கிடும்."

பெருநாள் நெருக்கத்தில் கடைத்தெரு திமுதிமுவென்று இருந்தது. ஸுஹைறாவும் செலீனாவும் ஷிப்லியின் கடை வாசலில், ஒரு பெரிய விளம்பரத் தட்டியின் பின்னால் ஒதுங்கினார்கள். சீனிமுகம்மது சலாம் சொல்லி உள்ளே போனார்.

"வ அலைக்குமுஸ்ஸலாம், வாங்க காக்கா!" ஷிப்லியின் குரல் தேனாக வழிந்தது. "வழமையான அளவுதானே? இந்த மாசமாவது திகதிய நிப்பாட்டுங்க எண்டு எத்தின தரம் சொல்லிட்டன். உங்கட கமரா இன்னும் பழைய வருசத்துலயே நிக்கிது."

"இவரு கடைப்படியால ஏறுறல்லயா தம்பி?" ஸுஹைறா தட்டியின் பின்னாலிருந்து வந்தார். "சன்னலால வாறவரா?"

ஷிப்லியின் கை நீட்டியபடியே நின்றுவிட்டது. செலீனா பொதியைப் பிரித்துக் கண்ணாடி மேசையில் சாரியை விரித்தாள். மூன்று கமராக்களும் இன்னும் அங்கேதான் இருந்தன. அவற்றுக்கு நடுவில் செம்மஞ்சள் மணிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஸுஹைறா படத்தை அதன் பக்கத்தில் வைத்தார்.

ஷிப்லி படத்தைப் பார்த்தான். சாரியைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். மணிகள் எப்படி வந்தன என்பது அவனுக்கே இப்போதுதான் விளங்கியது போலிருந்தது.

"மடையன்," என்றான் மெதுவாக. "திகதியயும் சேத்தா நெய்வான்?"

"ஆரு?"

"மச்சான். வெளியூருல மெஷின் தறி போட்டிரிக்கான் ராத்தா. மெமரிக் காட்டுல கிடந்த படம் சோக்கா இரிந்திச்சி. வட்ஸ்அப்புல தட்டி உட்டன். பெருநாளைக்கு ஓடட்டுமே எண்டுதான்..."

"காலையில டீ.எஸ்.எல்.ஆரக் காட்டிக் குடுத்தயே, அதும் பெருநாளைக்கு ஓடட்டும் எண்டா? ஒரு குமர்ப் பிள்ளைட காவின் நிண்டு போகப் பாத்திச்சி. அது தெரியுமா உனக்கு?"

ஷிப்லி தலையைத் தொங்கப்போட்டான். அவ்வளவு தூரம் அவன் நினைத்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. செலீனாவுக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் கால்வாசி கரைந்தது. மிச்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

இவ்வளவு நேரமும் வாய் திறந்து நின்ற சீனிமுகம்மதுக்கு ஒரு விஷயம் மட்டும் மெல்ல வெளித்தது. "அப்ப, நான் எடுத்த படத்தையா பொண்டுகள் ஊரெல்லாம் உடுத்தப் போறாங்க?"

"உடுத்த மாட்டாங்க காக்கா. தொங்குறதெல்லாம் இண்டைக்கே இறங்கும். மச்சானுக்கு இவரே சொல்லுவாரு." ஸுஹைறா ஷிப்லியைப் பார்த்தார். "கடையப் பூட்டு தம்பி. மஃரிபுக்கு முந்தி மருதமுனைக்கு வாறாய். நான் சொன்னா அது துப்பு. நீ உன்ட வாயால சொன்னாத்தான் கைருன்னிஸா நம்புவா."

"நடந்து வரச் சொல்லுவமா ராத்தா?" என்றாள் செலீனா, அந்த மிச்சக் கோபத்தோடு.

"ஓட்டோவுல காக்காவோட வரட்டும். வழியெல்லாம் அல்பம் காட்டுவாரு. அது போதும்."

மருதமுனையில் கைருன்னிஸாவின் முற்றத்தில் ஷிப்லி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தபோது சூரியன் சாய்ந்திருந்தது. றிஸ்லா சொல்லி அனுப்பி ஹாதிக் வந்திருந்தான். படலைக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். தோளில் அந்தப் பெரிய கமரா. எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போகிற பழக்கம். இன்று அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் பின்னால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தான்.

ஷிப்லி போய்விட்டான். கைருன்னிஸா தவறு என்று ஒப்புக்கொண்டதை ஸுஹைறா பள்ளிக்கூட நாளிலிருந்து கண்டதில்லை. இன்றும் காணப்போவதில்லை என்று செலீனாவுக்குத் தோன்றியது. றிஸ்லா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைருன்னிஸா முக்காட்டைச் சரிசெய்தார். படலை வரைக்கும் நடந்து போனார்.

"இந்தக் கமரா," என்றார் கடுமையாக.

"மாமி?" ஹாதிக் கமராவை இன்னும் பின்னால் தள்ளினான்.

"காவின் அண்டைக்கு இதத் தூக்கிக்கிட்டு வரப்படா. வேற ஆளப் புடிங்க." ஒரு மூச்சு விட்டார். "மாப்பிள்ள படத்துக்குள்ளதான் நிக்கோணும்."

கதவின் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. றிஸ்லா சிரித்தாளா அழுதாளா என்று செலீனாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளுக்கே கண் கலங்கிவிட்டது. ஹாதிக் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான்.

"வேற ஆள் ஏன்?" என்றார் ஸுஹைறா. "பொண்டுகள்ட பக்கத்துக்குப் பொம்புளதான் எடுக்கோணும். என்ட புள்ள இரிக்காள். தம்பி, கமராவ அவட கழுத்துல போடுங்க."

செலீனா இத்தனை நாள் கனவு கண்ட டீ.எஸ்.எல்.ஆர் அவள் கழுத்தில் ஏறியது. ஏறியதும் கழுத்து முன்னால் குனிந்தது. இதைத் தூக்கிக்கொண்டு கள்ளனைத் துரத்தினால், கள்ளன்தான் திரும்பி வந்து தூக்கிவிட வேண்டும் என்று அவளுக்கு விளங்கியது.

"பாரமா?" என்று கேட்டார் ஸுஹைறா.

"இல்ல ராத்தா, மரியாதை கூடிப்போச்சு."

அப்போது பளிச்சென்று மின்னல் வெட்டியது. சீனிமுகம்மது கமராவை இறக்கி, கண்ணைச் சுருக்கி, எடுத்த படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். செலீனாவும் எட்டிப் பார்த்தாள். எல்லோருக்கும் சிவப்புக் கண். நடுவில் ஹாதிக், கொஞ்சம் தள்ளிக் கதவோரம் றிஸ்லா, இருவருக்கும் இடையில் முறைத்தபடி கைருன்னிஸா. கீழ் மூலையில் செம்மஞ்சளில் திகதி, வழமைபோல் பிழையான வருசம்.

அந்த வருசத்தை வாசித்ததும் செலீனாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. படத்தின்படி பார்த்தால், றிஸ்லா பிறக்கும் முன்பே அவளுக்கு மாப்பிள்ளை வந்தாயிற்று.